32-ஆவது கிலோமீட்டரில் நின்றது மனசா, உடம்பா?

வாசகர் கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 41, எடை 68 கிலோ. மன்னார்குடியில் வங்கி வேலை. நாலு வருடமாக ஓடுகிறேன், வாரத்துக்கு 35 கிலோமீட்டர் வரும். ஹாஃப் மாரத்தானில் என் சிறந்த நேரம் 1 மணி 58 நிமிடம். ஜனவரியில் சென்னையில் முதல் முழு மாரத்தான் ஓடினேன். பாதித் தூரத்தை 2 மணி 1 நிமிடத்தில் தாண்டினேன். 32 கிலோமீட்டருக்கு மேல் கால் வரவில்லை. நடந்தும் நின்றும் 5 மணி 8 நிமிடத்தில் முடித்தேன். வழியில் சாப்பிட்டது ஒரு வாழைப்பழமும் நாலு பேரீச்சம்பழமும். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர், "உனக்கு உடம்பு போகலைப்பா, மனசு விட்டுப்போச்சு. அறுபது வயசு அம்மாக்கள் வேளாங்கண்ணிக்கு நடந்தே போறாங்க, அவங்க என்ன பயிற்சி எடுத்தாங்க?" என்றார்.

சரி, மனசைப் பழக்குவோம் என்று மே கடைசி ஞாயிறு காலை 6 மணிக்கு வடுவூர் போய்த் திரும்பக் கிளம்பினேன். முட்டி வலிக்காமல் இருக்க டைக்ளோஃபெனாக் ஒன்று போட்டுக்கொண்டேன். மூன்று மணி நேரத்தில் நாலரை லிட்டர் தண்ணீர் குடித்தேன். 24 கிலோமீட்டர் வாக்கில் உடம்பு சிலிர்த்து, குளிர்கிற மாதிரி இருந்தது. நிற்கக் கூடாது என்று ஓடினேன். அப்புறம் நடந்தது சரியாக நினைவில்லை. வீட்டுக்கு வரும் சாலையை விட்டு வேறு பக்கம் திரும்பியிருக்கிறேன். வயலில் இருந்தவர்கள் பிடித்துப் பம்புசெட்டுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். அரை மணியில் தெளிந்தது. சாயங்காலம் தலைவலி. விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

அடுத்த ஜனவரியில் மறுபடி ஓட வேண்டும். எது மனசு சொல்வது, எது உடம்பு சொல்வது என்று எப்படிப் பிரிப்பது? மனசை எப்படிப் பழக்குவது? அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

மற்றதெல்லாம் பிறகு. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், தசைச் சிதைவுக்குச் சிபிகே, கல்லீரலுக்கு எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஆகிய ரத்தப் பரிசோதனைகளையும் சிறுநீர்ப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். முடிவு வரும்வரை ஓட வேண்டாம். நடந்ததை அவரிடம் முழுதாகச் சொல்லுங்கள், மாத்திரை போட்டதையும் சேர்த்து.

ஜனவரியில் நடந்ததையும் மே மாதம் நடந்ததையும் நீங்கள் ஒரே கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. ஜனவரியில் எரிபொருள் தீர்ந்தது, அதனால் ஒரு மணி நேரம் போனது. மே மாதம் பாதிக்கப்பட்டது மூளை. பழகிய சாலையில் வழி தவறியது, நினைவு விட்டுப்போனது ஆகிய இரண்டும் உயிருக்கே ஆபத்து என்பதற்கான அடையாளங்கள். அந்த வயல்காரர்கள் உங்களைப் பம்புசெட்டுக்குக் கீழே உட்காரவைத்தது மிகச் சரியான முதலுதவி. ஒருமுறை நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

முதலில் வெப்பக் கணக்கு. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோகலோரி செலவாகும். நீங்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடினால் 680 கிலோகலோரி. இதில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் உங்களை முன்னே தள்ளப் பயன்படுகிறது. மீதி, ஏறத்தாழ 520 கிலோகலோரி, வெப்பமாக உடம்பிலேயே தேங்குகிறது. 68 கிலோ உடம்பின் சூட்டை ஒரு டிகிரி ஏற்ற 56 கிலோகலோரி போதும். அதாவது வெப்பம் வெளியேறவே வழியில்லை என்று வைத்துக்கொண்டால், ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். ஏறாமல் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முழங்கையிலிருந்து சொட்டித் தார் ரோட்டில் விழுகிற வியர்வை உங்களைக் குளிர்விப்பதே இல்லை, தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம்.

டெல்டாவில் இதுதான் பிரச்சினை. விடியற்காலையில் காற்று முழுக்க ஈரம், ஆவியாதல் மந்தம். எட்டு மணிக்கு மேல் வெயிலும் ஏறும். ஆறு மணிக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் ஓடுகிறவர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசாரோ சுமார் 30 கிலோமீட்டரில் சரிந்து விழுந்து மறுநாள் இறந்தார். வெயிலுக்குக் காப்பாகத் தோலில் மெழுகு பூசிக்கொண்டு ஓடியதாகப் பதிவு இருக்கிறது. வியர்வைக்கு வெளியே வர வழியில்லாமல் போனது. அவருக்கு மனஉறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

வேளாங்கண்ணிக்கு நடக்கும் அம்மாக்களைப் பற்றி உங்கள் குழு மூத்தவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர்களின் பொறுமை பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மணிக்கு நாலரை கிலோமீட்டர் நடக்கிற உடம்பில் உருவாகும் வெப்பம், ஓடுகிற உங்கள் உடம்பில் உருவாவதில் பாதிகூட இல்லை. அவர்கள் பெரும்பாலும் விடியலிலும் இரவிலும் நடக்கிறார்கள், வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்து எழுகிறார்கள், உச்சி வெயிலில் மண்டபத்தில் படுத்துக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அந்த வேகக் கட்டுப்பாடுதான்.

வெயிலில் ஓடும்போது உடம்பு சிலிர்ப்பதும் குளிர்வதும் சூடு எல்லை மீறுவதன் முன்னறிவிப்பு. அந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். அடுத்த கட்டத்தில் கால் பின்னும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், சொன்னதையே திரும்பச் சொல்வோம். உள்சூடு 40 டிகிரிக்கு மேல் போய் மூளை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. "வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறது, ஒன்றுமில்லை" என்று நம்பாதீர்கள். ஓடுகிறவர்களுக்கு வரும் வெப்பத்தாக்கில் பெரும்பாலும் வியர்வை வந்துகொண்டேதான் இருக்கும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் சுவிட்சர்லாந்து வீராங்கனை கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசிச் சுற்றைக் கோணிக்கொண்டு 5 நிமிடம் 44 விநாடியில் கடந்த காட்சியை மனஉறுதிக்கு உதாரணமாகப் பலர் பகிர்கிறார்கள். வியர்வை வருகிறது என்பதைப் பார்த்துத்தான் அன்று மருத்துவர்கள் அவரைத் தொடர விட்டார்கள். அவர் பிழைத்தது நல்லகாலம். அதை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம்.

உங்கள் கேள்விக்கான பதிலின் மையம் இங்கேதான் இருக்கிறது. கெண்டைக்கால் வலித்தால் "இது தாங்கலாமா, தாங்கக் கூடாதா" என்று மூளை தீர்ப்பு சொல்லும். சூட்டிலோ சோடியம் குறைவிலோ முதலில் கெடுவது அந்த மூளையேதான். அப்போது நமக்கு நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஆகவே நிற்பதா ஓடுவதா என்ற முடிவை ஓட்டத்துக்கு நடுவில் எடுக்கக் கூடாது. முதல் நாள் இரவே எழுதிவைத்து, உடன் வருபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். சிலிர்ப்பு, தடுமாற்றம், வாந்தி, நெஞ்சில் இறுக்கம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டம் முடிந்தது, பேரம் கிடையாது. மே, ஜூனில் 15 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற நாளில் சைக்கிளிலோ பைக்கிலோ ஒருவர் கூட வரட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: கடைசியாகத் தாண்டிய ஊர் எது? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் என்ன வரும்? வங்கிக்காரர் நீங்கள், 93, 86, 79 என்று தடையில்லாமல் வர வேண்டும். திணறினால் வண்டியில் ஏற்றிவிட வேண்டியதுதான்.

ஒருவர் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் குழு முழுக்கத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 108-க்கு ஒருவர் போன் செய்யும்போதே மற்றவர்கள் குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, முதல் அரை மணி நேரம்தான் எல்லாம். நம் ஊரில் இதற்குக் கைவசம் ஒரு நல்ல சாதனம் இருக்கிறது: நெல் காயவைக்கும் தார்ப்பாய். அதை விரித்து ஆளை நடுவில் படுக்கவைத்து, நாலைந்து பேர் ஓரத்தைத் தூக்கித் தொட்டி மாதிரி பிடித்துக்கொண்டு, எட்டு பத்து வாளித் தண்ணீரும் கிடைக்கிற ஐஸ் கட்டியும் கொட்ட வேண்டும். தலையை ஒருவர் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடிக்க, மற்றவர்கள் தார்ப்பாயை மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் அசையாமல் நின்றால் தோலை ஒட்டிய பகுதி மட்டும் சூடாகிக் குளிர்விப்பது நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில், அல்லது தெளிவாகப் பேசத் தொடங்கியதும் நிறுத்தலாம். ஐஸ் இல்லையென்றால் பம்புசெட் தண்ணீர் தொடர்ந்து கொட்ட, விசிறிக்கொண்டே இருங்கள். நெற்றியில், அக்குளில் வைக்கிற தெர்மாமீட்டர் இந்த நேரத்தில் குறைத்துக் காட்டும், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

உங்கள் விஷயத்தில் இரண்டாவது சந்தேகம் ஒன்றும் எனக்கு இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் நாலரை லிட்டர் வெறும் தண்ணீர் மிக அதிகம். வீங்கிய விரல், கழலாத மோதிரம், தலைவலி ஆகிய மூன்றும் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனதன் அடையாளமாக இருக்கலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் அல்லது அதற்கும் கீழே இருந்தது. கிளம்பியபோது இருந்த எடையைவிடக் கூடுதல் எடையோடு வந்தவர்களே அதிகம் மாட்டினார்கள். சூட்டினால் வரும் குழப்பமும் சோடியக் குறைவினால் வரும் குழப்பமும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். "மயங்கிட்டான், ட்ரிப்ஸ் ஏத்துங்க" என்கிற நம் ஊர்ப் பழக்கம் இந்த இடத்தில் ஆபத்து. குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றினால் சோடியம் இன்னும் இறங்கி மூளை வீங்கலாம். சோடியம் பார்த்த பிறகே ட்ரிப்ஸ் என்று உங்கள் வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பதை எடை மெஷினே சொல்லிவிடும். ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு உள்ளாடையோடு எடை பாருங்கள். சரியாக ஒரு மணி நேரம், போட்டி வேகத்தில் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 68.4 கிலோ 67.5 ஆகியிருக்கிறது, இடையில் 400 மில்லி குடித்தீர்கள் என்றால், உங்கள் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். அதில் பாதியிலிருந்து முக்கால் வரை குடித்தால் போதும், தாகம் எடுக்கும்போது குடியுங்கள். முடிக்கும்போது ஒன்றரை இரண்டு கிலோ குறைந்திருப்பது இயல்பு. எடை கூடியிருந்தால் நிச்சயமாகத் தவறு. ஜூனில் எடுத்த அளவு ஜனவரிக்குப் பொருந்தாது, டிசம்பரில் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

இனி ஜனவரிக்கு வருவோம். 68 கிலோ உடம்பு 42 கிலோமீட்டர் ஓட 2,850 கிலோகலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாக நாம் சேர்த்துவைப்பது சுமார் 2,000. மீதியைக் கொழுப்பு தரும், ஆனால் மெதுவாகத்தான் தரும். வேகம் கூடக் கூட உடம்பு கிளைகோஜனைத்தான் அதிகம் எரிக்கும். 1:58 ஹாஃப் ஓடுகிற, வாரம் 35 கிலோமீட்டர் மட்டுமே ஓடுகிற ஒருவரின் முழு மாரத்தான் நேரம் 4 மணி 20 நிமிடம் வாக்கில் இருக்கும். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி. நீங்கள் முதல் பாதியை 5:44-இல் ஓடியிருக்கிறீர்கள். உள்ளே போனது ஐந்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 50 கிராம் மாவுச்சத்து. 32-இல் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

மனசு விட்டுப்போனது என்று நீங்கள் உணர்ந்ததும் பொய்யல்ல. கல்லீரல் இருப்பு தீர்ந்து ரத்தச் சர்க்கரை இறங்கும்போது, சர்க்கரையை நம்பி வாழும் மூளை முதலில் சோர்வடையும். "எதுக்கு இந்த ஓட்டம், வீட்டுக்குப் போலாம்" என்ற எண்ணம் அப்போதுதான் வரும். அதைக் குணக்குறையாக எடுத்துக்கொண்டு உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். அது பசி.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெல் வாங்கலாம், விலை அதிகம். பானகம் அதே வேலையைச் செய்யும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு வெல்லம் 60 கிராம் தராசில் நிறுத்துப் போட்டுக் கரைத்து வடிகட்டி, அரை எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை சுக்கு, கால் டீஸ்பூன் உப்பு. கோவிலில் கொடுக்கிற அளவுக்கு இனிப்பாகக் கரைத்தால் வயிறு அதை உள்ளே அனுப்பாது, குலுங்கிக்கொண்டே இருந்து குமட்டும். பலர் பானகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று விடுவது இதனால்தான். மணிக்கு 700 மில்லி குடித்தால் 40 கிராம் வந்துவிடும், மீதிக்கு ஒரு வாழைப்பழம். பசி எடுக்கும்வரை காத்திருக்காமல் முதல் அரை மணியிலேயே ஆரம்பியுங்கள். காலையில் கரைத்ததை அன்று காலையிலேயே முடித்துவிடுங்கள், நம் வெக்கையில் புளித்துப்போகும். குடலும் பழக வேண்டிய உறுப்புதான். மணிக்கு 30 கிராமில் தொடங்கி ஆறேழு ஞாயிறுகளில் 60-க்குக் கொண்டுபோங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் எரிபொருளுக்கு ஆகாது, லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் அதில் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓடி முடித்த பிறகு தாராளமாகக் குடியுங்கள்.

போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும் சோறு, இட்லி, இடியாப்பம் கூட்டி, கீரை, பயறு, எண்ணெய்ப் பண்டம் குறையுங்கள். அன்று காலை கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன் நாலைந்து இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. சாம்பார் வேண்டாம்.

அப்படியானால் மனசுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2010-இல் உடற்பயிற்சி ஆய்வாளர்கள் சாமுவேல் மார்கோராவும் வால்டர் ஸ்டயானோவும் பத்து ரக்பி வீரர்களைச் சுமார் 242 வாட் சக்தியில் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். இனி ஒரு மிதிகூட முடியாது என்று அவர்கள் நிறுத்திய கையோடு, ஐந்து விநாடி முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னபோது சராசரி 731 வாட் வந்தது. முடியாது என்று சொன்ன அதே கால்களில் மூன்று மடங்கு மிச்சம் இருந்திருக்கிறது. ஐந்து விநாடிக்குக் கிடைத்தது பத்து கிலோமீட்டருக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 2004-இல் இன்னொரு ஆய்வு: மாவுச்சத்து கலந்த நீரை விழுங்காமல் வாயைக் கொப்பளித்துத் துப்பிய சைக்கிள் வீரர்கள், ஒரு மணி நேர ஓட்டத்தில் 2.9 சதவீதம் வேகமாக முடித்தார்கள். வயிற்றுக்கு எதுவும் போகவில்லை. நாக்கிலிருந்து மூளைக்குச் செய்தி போனதே போதுமாக இருந்தது. நமக்குத் தோன்றும் சிரமம் என்பது மூளை போடும் மதிப்பீடு. அதை ஓரளவு திருத்த முடியும். சில சதவீதம், அதுவும் எரிபொருளும் சூடும் கட்டுக்குள் இருக்கும்போது மட்டும். என் கருத்தில் ஒரு மாரத்தானில் மனஉறுதி அதிகம் தேவைப்படுவது முதல் பத்து கிலோமீட்டரில்தான். கால் துள்ளும், எல்லாரும் தாண்டிப் போவார்கள், அப்போது 6:10-இல் கட்டுப்பட்டு ஓடுவது கடினம்.

பழக்கும் வழி இது. நீண்ட ஓட்டத்தின் கடைசி 5 கிலோமீட்டரை, களைத்த காலோடு போட்டி வேகத்தில் ஓடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். அந்த நேரத்தில் சொல்லிக்கொள்ள இரண்டு வாக்கியம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும், உங்கள் வாயில் இயல்பாக வருகிற தமிழில். "தோளை விடு, மூச்சை விடு" என்பது போலச் செய்ய வேண்டிய வேலையைச் சொல்கிற வாக்கியமாக ஒன்று, "இது தெரிஞ்ச வலிதான், போகலாம்" என்பது போல ஒன்று. மிச்சம் இருக்கிற பத்து கிலோமீட்டரை நினைக்காதீர்கள், அடுத்த பாலம் வரை ஓடுங்கள். நம் சமவெளியில் ஏற்றம் என்று இருப்பதே ஆற்றுப் பாலங்கள்தான், அதையே எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, மார்கோரா குழுவின் 2009 ஆய்வில், 90 நிமிடம் கவனத்தைக் கசக்கும் கணினி வேலை செய்தவர்கள் சைக்கிளில் தாக்குப்பிடித்த நேரம் 754 விநாடியிலிருந்து 640 ஆகக் குறைந்தது. இதயத் துடிப்பிலோ தசையிலோ அதற்குக் காரணம் தென்படவில்லை. கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் மாலை ஓட்டம் மோசமானால் அதை வைத்து உங்களை எடை போடாதீர்கள், காலைக்கு மாற்றிவிடுங்கள். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் விடுப்பு எடுங்கள்.

எந்த வலியோடு ஓடலாம்? இரண்டு காலிலும் பரவலாக, வேகம் குறைத்தால் குறைகிற கனமும் எரிச்சலும் களைப்பு. அதோடு ஓடலாம். ஒரே காலில், ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற இடத்தில், ஓட ஓடக் கூடி, நடையைக் கோணலாக்குகிற வலி காயம். கணைக்கால் எலும்பில் அப்படி வந்து, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்றால், இரவில் படுக்கையிலும் வலித்தால், எலும்பில் கீறலாக இருக்கலாம். அதை மனஉறுதியோடு ஓடிக் கடந்தவர்கள் முறிவோடுதான் வந்து நிற்கிறார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் நின்று, கால் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். விட்டதும் இரண்டு நிமிடம் நடந்து பிறகு ஓடுங்கள்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் எதுவும் ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் வேண்டவே வேண்டாம். நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை உடம்பு ஒரு வேதிப்பொருளின் துணையால் காப்பாற்றுகிறது, இந்த மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. சோடியம் நீர்த்துப்போகவும் துணைபோகின்றன. சூட்டிலும் களைப்பிலும் சிதைந்த தசையின் கழிவு அதே நேரத்தில் சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகாமலே இருந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. முட்டி மாத்திரை கேட்கிறது என்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டித் தொடை, இடுப்புத் தசைக்குப் பயிற்சி வாங்குங்கள்.

அப்பாவின் மாரடைப்பைக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், அது முதல் வரியில் வந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு 55 வயதுக்கு முன் வந்திருப்பதால் உங்களுக்கும் அபாயம் கூடுதல். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, கொழுப்பு அளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, இதய மருத்துவர் சரி என்ற பிறகே பயிற்சி. தஞ்சாவூரில் இவை எல்லாம் ஒரே நாளில் முடியும். ஓடும்போது நெஞ்சு, தாடை, இடது தோள் இறுக்கம், படபடப்போடு கண் இருட்டுதல் வந்தால் மனசு பற்றிய பேச்சே வேண்டாம், நின்றுவிடுங்கள். டிரெட்மில் பரிசோதனை நன்றாக வந்திருந்தாலும் இது பொருந்தும்.

ரத்த முடிவுகள் சரியாக இருந்தால், மருத்துவர் அனுமதித்த பிறகு ஒரு வாரம் நடை மட்டும். அடுத்த வாரம் அதிகாலை நாலே கால் மணிக்கு 20 நிமிட மெது ஓட்டம், மாற்று நாளில். வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினாலு நாள் ஆகும். அப்போது வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், ரத்த நீர் கூடும். ஒரு வாரம் விட்டுவிட்டால் பழக்கம் கரையத் தொடங்கிவிடும். நீண்ட ஓட்டம் எதுவானாலும் ஏழு மணிக்குள் முடிய வேண்டும். செப்டம்பர் வரை 18 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள். குறுவை அறுவடையின்போது சாலையில் நெல் காயும், இருட்டில் தார்ப்பாய் ஓரத்தில் கல் இருக்கும். நெற்றி விளக்கு கட்டிக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து வாரத் தூரத்தை மெதுவாக 55-க்குக் கொண்டுபோய், டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குள் 28, 30, 30 கிலோமீட்டர் என மூன்று நீண்ட ஓட்டங்கள், பானகத்தோடு, 6:30 வேகத்தில். நடுவில் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று ஞாயிறுகளை எடுத்துக்கொள்ளும், அதை ஈடுகட்ட ஒரே வாரத்தில் இரண்டு நீண்ட ஓட்டம் வைக்காதீர்கள்.

சிபிகே அளவு உயர்ந்தே இருந்தாலும், கிரியேட்டினின் 1.3-க்கு மேல் வந்தாலும் இந்த அட்டவணை எதுவும் பொருந்தாது. ரிப்போர்ட்டோடு மருத்துவரிடம் திரும்பப் போங்கள், அவர் சொல்கிற நாளில் மறுபடி ரத்தம் கொடுங்கள், இயல்புக்கு வரும்வரை நடை மட்டும் போதும்.